சுக்குக் களத்தில் காயப்போட்ட ஆர்கன்

அடுப்புக் கேஸை மூடினேனா என்று ஒருமுறைக்கு நான்குமுறை பார்க்கிற ஆள் நான். வேலைக்குப் போகும் வழியில், பாதித் தூரத்தில் நின்று, திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போவேன். மூடித்தான் இருக்கும். ஒருநாளும் திறந்திருந்ததில்லை. ஆனாலும் மனசு கேட்காது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கம்பம் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, சுக்கு காயவைக்கிற ஒரு கிட்டங்கியில் நானும் மனைவியும் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு மூட்டை தைப்பதும் எடை போடுவதும். அவளுக்குக் களத்தில் சுக்கைப் பரப்புவதும் புரட்டுவதும். கையில் வேலை இருக்கும்வரை பயம் வராது. வேலை முடிந்ததும் வந்துவிடும். அதனால் வீட்டில் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மின்விசிறி, கடிகாரம், பக்கத்து வீட்டுச் சேச்சியின் தையல் மிஷின்.

அந்தச் சேச்சிதான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, முன்னறையில் போர்வை போட்டு மூடியிருந்த ஒன்றைத் திறந்து காட்டினார். மர அலமாரி மாதிரி இருந்தது. முன்னால் ஆர்மோனியத்தில் இருப்பதுபோல் கட்டைகள், கீழே கால் வைத்து மிதிக்க இரண்டு பலகைகள். அவருடைய மாமனார் காலத்து ஆர்கன். கல்யாணமாகி வந்த புதிதில் அதில்தான் சாயங்காலப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தாராம். எலி கடித்தபிறகு ஊமையாகிவிட்டது. பழைய சாமான் கடைக்காரர் ஒருவர், உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துப்போட்டுவிட்டு மேசையாக்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"மேசை எனக்கெதுக்கு? மகள் என்னை ஆலுவாவுக்குக் கூட்டிட்டுப் போறா, ஈஸ்டர் கழிஞ்சா. அவ ஃப்ளாட்டில் இதுக்கு எடமில்லை. போறதுக்கு முன்னே ஒரு பிராவசியம், ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும். பின்னே நீயே வச்சுக்கோ."

"சேச்சி, எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"தையல் மிஷினும் கால் சவிட்டித்தானே ஓடுது? இதுவும் கால் சவிட்டுறதுதான்."

அப்படி அது எங்கள் வீட்டுக்கு வந்தது. அறையில் பாதி போயிற்று. "உங்க பயத்துக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டாச்சு" என்றாள் மனைவி. முதல் வாரமே ஈரத்துணியை அதன்மேல் காயப்போட ஆரம்பித்தாள்.

கைப்பேசியில் வீடியோக்கள் கிடைத்தன. எல்லாம் இங்கிலீஷ். சத்தத்தை அணைத்துவிட்டு கைகளை மட்டும் பார்த்தேன். கை செய்வது எந்த ஊரிலும் ஒன்றுதான். துருத்தித் துணி கிழிந்திருந்தது. பழைய ரப்பர் மழைக்கோட்டை வெட்டி ஒட்டினேன். உள்ளே வரிசையாக, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பித்தளைத் தகடு, தகட்டின் நடுவில் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய பட்டை. அதுதான் ரீடு. காற்று போகும்போது அந்த நாக்கு நடுங்குகிறது, சத்தம் வருகிறது. நடுங்குவதால்தான் சத்தம் வருகிறது என்று தெரிந்தபோது எனக்கு அந்தப் பெட்டியின்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

எல்லா ரீடுகளையும் உருவி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் வைத்துக் கழுவினேன். எங்கள் சந்தில் வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. வெயில் முழுசாக விழுகிற இடம் கிட்டங்கிக் களம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் களத்தின் ஓரமாக ஒரு சாக்கை விரித்து, கழற்றிய அதே வரிசையில் அடுக்கிவைத்தேன். அந்த வரிசைதான் எல்லாம். எதற்கு அடுத்தது எது என்று வேறு அடையாளம் கிடையாது. தகட்டில் பொறித்த எழுத்துகள் எப்போதோ தேய்ந்துபோயிருந்தன.

அடுக்கி முடித்ததும் கேஸ் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடினேன். மூடித்தான் இருந்தது. வெளியே வந்தால் முதல் துளி நெற்றியில் விழுகிறது. கோடை மழை.

எங்கள் களத்தில் மழைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் துளி விழுந்தால் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். எது காய்கிறதோ, யாருடையதோ, எல்லாம் ஒரே குவியல். நீளக் கம்பில் பலகை அடித்த தள்ளிகளை எடுத்துக்கொண்டு பெண்கள் ஓடுவார்கள். தள்ளு, குவி, தார்ப்பாயைப் போடு. அவ்வளவுதான். நான் வந்து சேர்ந்தபோது தார்ப்பாய் மூடியாகிவிட்டது. மூலையில் ஒரு செங்கல் வைத்துக்கொண்டிருந்தவள் என் மனைவி. சாக்கு மட்டும் காலியாகக் கிடந்தது.

"எங்கே?" என்றேன்.

"எது?"

"ரீடு!"

அவள் தார்ப்பாயைப் பார்த்தாள். கையிலிருந்த தள்ளியைப் பார்த்தாள். "ஐயோ. பக்கத்துச் சுக்கோட சேத்துத் தள்ளிட்டேங்க. மழை வந்திருச்சுன்னா கை தானா போயிருதே."

சேச்சி கிளம்ப இன்னும் ஒரு வாரம்தான். அவர் கேட்டது ஒரே ஒரு காரியம்.

மழை விட்டதும் பெண்கள் முறங்களோடு உட்கார்ந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. மனைவி ஒரு வார்த்தை சொன்னாள், அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். புடைத்தால் சுக்கு ஒரு பக்கம் போனது, பித்தளை கிணுங்கிக்கொண்டு அடியில் நின்றது. "அண்ணே, உங்க சுக்குக்கு நல்ல கனம்" என்று ஒருத்தி கேலி செய்தாள். "டீ போட்டா ரீங்காரமா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. பொறுக்கிய ரீடுகளை மனைவி, சுக்கைத் தரம் பிரிக்கிற மாதிரியே, நீளத்திலிருந்து குட்டை வரைக்கும் அடுக்கினாள். வரிசை ஏறக்குறைய வந்துவிட்டது. ஆனால் பக்கத்துப் பக்கத்து ரீடுகளுக்கு நடுவே மயிரிழை வித்தியாசம். அதைக் கண்ணால் பிரிக்க முடியாது, காதால்தான் முடியும். அந்தக் காது எங்களிடம் இல்லை.

சேச்சியிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். அன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நின்று, தொடங்கத் தெரியாமல், "சேச்சி, கேஸ் மூடியிருக்கா?" என்று கேட்டேன்.

"நீ அதுக்கா வந்தே?"

சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. "மழை வந்தா வாரணும். அவள் வாரினாள். இதில் பேடிக்க என்ன இருக்கு? எடுத்துட்டு வா."

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் அவர் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ரீடாக வாயில் வைத்து ஊதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அதை இந்தப் பக்கம் மாத்து. அது அல்ல, அதுக்கு முன்னே ஊதினது. ஆ, இருக்கட்டும்." நடுவில் சாயா வரும். அந்த நாட்களில் ஒருதடவைகூட நான் கேஸ் பார்க்க எழுந்து போகவில்லை என்பதை மனைவிதான் பிறகு சொன்னாள்.

எல்லாம் சேர்ந்தது, ஒன்றைத் தவிர. ஒரு ரீடு கிடைக்கவே இல்லை. களத்தைப் பெருக்கினோம், கட்டி வைத்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. நடுவில் இருக்கிற, விரல் அடிக்கடி போகிற கட்டையினுடையது.

அவர் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து ஆர்கன் முன்னால் உட்கார்ந்தார். களத்துப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மழைக்கோட்டுத் துருத்தி மூச்சு வாங்கியது. முதல் சத்தம் வந்தபோது மனைவி என் சட்டையைப் பிடித்தாள். பாட்டு நகர்ந்தது. அந்தக் கட்டை வரப்போகிறது, வரப்போகிறது என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. விரல் அழுத்தியது. சத்தம் இல்லை.

சேச்சி நிறுத்தவில்லை. அந்த இடத்தை வாயால் பாடினார். "ம்" என்று ஒரே ஒரு சுரம். அடுத்ததை ஆர்கன் பிடித்துக்கொண்டது. மறுபடி அந்தக் கட்டை வந்தபோது மறுபடி "ம்". கடைசித் தடவை வாசலில் நின்றவர்களும் சேர்ந்து "ம்" என்றார்கள். எல்லாரும் சிரித்துவிட்டோம், அவரும்.

மறுநாள் மகளோடு போய்விட்டார்.

ஆர்கன் என்னிடம் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. தினமும் சாயங்காலம் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, சத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன், பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல. ஊமைக் கட்டையில் விரல் கொஞ்சம் நின்று போகும்.

பெருமழைக்கு முன்னால் களத்தைக் கழுவினபோது, தண்ணீர் போகிற ஓட்டையில் அடைத்துக்கொண்டிருந்த சேற்றை மனைவி தோண்டினாள். உள்ளே கிடந்த ரீட்டை முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தாள்.

மாட்டிவிட்டுச் சேச்சிக்குப் போன் போட்டேன். "சேச்சி, கேளுங்க" என்று கைப்பேசியை ஆர்கன்மேல் வைத்து, பலகையை மிதித்து, அந்த ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைக்க ஆரம்பித்தபோது, ஆலுவாவிலிருந்து மெதுவாக அதே சுரம் வந்தது. "ம்."

"இனி நான் பாட வேண்டாம், அல்லே?" என்றார்.

"பாடுங்க சேச்சி" என்றேன்.