நாலு மீனுக்கு நாலு பூச்சட்டி

சின்னது நடுங்கிக்கொண்டிருந்தது. பிசைந்த சாம்பார் சாதத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

"உக்காந்து துன்னுங்க," என்றாள் என் மனைவி. "அது காலைல இருந்து அப்டித்தான் கீது. நீங்க எழுந்து நின்னா அது நின்னுடுமா?"

நிற்கவில்லைதான். ஆனால் எனக்கு உட்காரவும் முடியவில்லை. சாம்பார் கையோடு கண்ணாடித் தொட்டியின் முன்னால் போய் நின்றேன். உள்ளே உப்புத் தண்ணீரில் நாலு கோமாளி மீன்கள். ஆரஞ்சு நிற உடம்பு, அதில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் பட்டைகள். பெரியது என் சுண்டுவிரல் நீளம். சின்னது அதில் பாதி. அந்தச் சின்னது பெரியதுக்கு எதிரே ஒருக்களித்துச் சாய்ந்து, தலையிலிருந்து வால்வரை உதறிக்கொண்டிருந்தது. குளிர்காய்ச்சல் கண்டவன் போர்வைக்குள் உதறுவானே, அந்த மாதிரி.

அது செத்தால் தொட்டி போய்விடும். ஒப்பந்தம் அப்படி.

ஒப்பந்தத்துக்குக் காரணம் தங்கமீன்கள். அதற்கு முந்தைய வருஷம் நல்ல தண்ணீரில் தங்கமீன் வளர்த்தேன். வளர்த்தேன் என்பது என் தரப்பு வார்த்தை. வாங்கி வந்தேன், இரண்டு நாள் உற்றுப் பார்த்தேன், அவை மல்லாந்தன. ஒவ்வொன்றையும் கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தது அவள். அந்த வருஷம் முருங்கை காய்த்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கடைசித் தங்கமீனைப் புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "இனிமே இந்த ஊட்ல ஒரு உசுரு போச்சுன்னா, தொட்டிய நான் எடுத்துக்குவேன். லாரித் தண்ணி புடிச்சு வைக்க எடம் பத்தாம கீறேன்."

ஆவடிக் குவார்ட்டர்ஸில் குழாயில் காற்று வந்த காலம் அது. லாரி எப்போது வரும் என்று பெண்கள் குடங்களை வரிசையில் உட்கார வைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். என் வீட்டிலோ மூன்று குடம் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, மீன் இல்லாமல், நடு ஹாலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கும் பார்வையே எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் முந்துவதற்குள் அதில் எதையாவது நீந்தவிட வேண்டும் என்று பூந்தமல்லிக்கு சைக்கிளை மிதித்தேன்.

அங்கே கடைத்தெருவின் கடைசியில் ஒரு பாய் கிளி, முயல், மீன் எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். ராமேஸ்வரம் பக்கமிருந்து ரயிலில் வந்ததாகச் சொல்லி, ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினார். ஜாடியில் ஒரு உடைந்த டீ கிளாஸ். அதற்குள் நாலு கோமாளிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஏறினவர்கள்போல வெளியே எட்டிப் பார்த்தன.

"ரெண்டு குடுங்க பாய்."

"பிரிக்காத நைனா. நாலும் ஒண்ணாக் கெடக்குது, ஒண்ணாவே எடுத்துகினு போ."

"சண்டை போடாதா?"

"போடும், சேரும். நீ போடலியா உன் ஊட்ல?"

எனக்கு அந்த டீ கிளாஸ்தான் உறுத்தியது. நாலு ஜீவன்களுக்கு ஒரு டீ கிளாஸா? என் வீட்டுக்கு வந்தால் ராஜா மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் சபதம் செய்தேன். இந்த மாதிரி சபதங்கள் எனக்கு வரும்போது யாராவது கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

நாலுக்கும் காசு கொடுத்து, தொட்டி தயாராகும்வரை பாயிடமே விட்டுவைத்தேன். முதல் வேலை கடல் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிளாஸ்டிக் கேன்களோடு சென்ட்ரல்வரை மின்சார ரயில், அங்கிருந்து மெரினாவுக்கு பஸ். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி அலைக்குள் இறங்கி மொண்டேன். சுண்டல் விற்பவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். திரும்பும்போது பஸ் கண்டக்டர் கேன்களை முகர்ந்தார்.

"இன்னாது, கெரசினா?"

"கடல் தண்ணிங்க."

"ஏன், ஊட்ல உப்பு தீந்துபோச்சா?"

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். என் தலையெழுத்து, என்னைப் பார்த்து யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். ஆவடியில் இறங்கிக் கேன்களைத் தோளிலும் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு பரபரப்பு. தண்ணீரோடு ஒருவன் வருகிறான் என்றதும் குடங்கள் கிளம்பிவிட்டன. முன்னணியில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் என்னைவிட ரொம்ப சீனியர், இரண்டு கையிலும் இரண்டு குடம்.

"என்னவே, லாரி எங்க நிக்கி?"

"லாரி இல்ல அண்ணாச்சி. இது மெரினாத் தண்ணி. மீனுக்கு."

அவர் குனிந்து கேன்களைப் பார்த்தார். பிறகு குடங்களைக் கீழே வைத்துவிட்டு, "ஊரே தண்ணிக்கு லோல்படுது, நீரு மெட்ராஸ் போயி உப்புத் தண்ணி சுமந்துட்டு வாறீரு. உம்ம பொஞ்சாதி நல்ல மனுசி வே," என்றார்.

இரண்டாவது வேலை வீட்டு வசதி. தொழிற்சாலையில் நான் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அடுத்தவன் செய்து வைத்ததைக் கையில் எடுத்து, அளந்து, முகத்தைச் சுளித்து, திரும்ப வைப்பது என் உத்தியோகம். அதோடு குவார்ட்டர்ஸ் வாழ்க்கை வேறு. எங்களுக்கு உலகத்துச் சண்டைகள் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வுதான்: ஆளுக்கொரு வீடு ஒதுக்கிவிட வேண்டும். எனவே மனைவி ரோஜாச் செடிகளுக்கென்று வாங்கி வைத்திருந்த நாலு சின்னப் பூச்சட்டிகளை எடுத்துக் கழுவி, தொட்டியின் நாலு மூலையிலும் படுக்கை வாட்டத்தில் வைத்தேன். நாலு மீன், நாலு வீடு. தனித்தனி வாசல். ஒருவர் வாசல் இன்னொருவரைப் பார்க்காது.

மீன்களை விட்டேன். பெரியது முதல் சட்டிக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்தது. இரண்டாவது சட்டிக்குள் போயிற்று. பிறகு மூன்றாவது, நாலாவது. அதன்பின் அதற்கு அதுவே வேலையாகிவிட்டது. நாலு வீடும் தனக்கே ஒதுக்கப்பட்டதாக முடிவு செய்து, எந்தச் சட்டி வாசலில் எந்த மீன் தலையை நீட்டினாலும் பாய்ந்து விரட்டியது. மற்ற மூன்றும் தண்ணீரின் மேல்மட்டத்தில், வீட்டுக்காரன் சாமான்களைத் தெருவில் எறிந்த குடித்தனக்காரர்கள் மாதிரி நின்றன. அதற்கு ஃபோர்மேன் என்று பெயர் வைத்தேன்.

அண்ணாச்சி வந்து பார்த்தார். "சீனியாரிட்டி வே. அவரு இருக்கும்போது சின்னவனுக்கு எப்படி வீடு அலாட் ஆகும்?"

அப்போதுதான் சின்னதுக்கு நடுக்கம் தொடங்கியது. ஃபோர்மேன் பக்கத்தில் வந்தால் போதும், சாய்ந்து உதறும். குளிரோ என்று தொட்டிக்கு மேலே குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டேன். ஆவடியில், மே மாதத்தில். பிறகு காய்ச்சலே இல்லை, பயம் என்று கண்டுபிடித்து, சமையலறையிலிருந்து காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையை எடுத்துவந்து தொட்டியின் விளிம்பில் மிதக்கக் கட்டி, சின்னதைப் பிடித்து அதில் பத்திரமாகப் போட்டேன். நடுக்கம் நின்றது. வெற்றி.

மறுநாள் திறந்துவிட்டேன். ஃபோர்மேன் பாய்ந்து வந்து அதன் வாலைக் கடித்தது. திரும்பவும் கூடை. கூடையில் வால் கொஞ்சம் ஆறும். வெளியே விட்டால் முன்னைவிட அதிகமாக அடி. இரண்டு நாள் முன்னால் பார்த்த மீனையே ஏதோ வெளியூர் ரவுடி மாதிரி அடித்தது. கற்களை மாற்றி வைத்துப் பார்த்தேன். சட்டிகளை இடம் மாற்றினேன். எல்லாவற்றுக்கும் குழப்பம் வந்தால் சண்டையை மறக்கும் என்று கணக்கு. குழம்பியது நான்தான். வேலை முடிந்து வந்ததும் சட்டைகூடக் கழற்றாமல் தொட்டிக்குள் கையை விட்டுவிடுவேன். என் வலது கை முழங்கைவரை எப்போதும் உப்புப் பூத்து, நடுவிரலால் சொறிந்துகொண்டே இருப்பேன்.

"அத சும்மா வுடுங்களேன்," என்றாள் மனைவி.

"சும்மா வுட்டா செத்துடும்."

"சும்மா வுட்டு எப்பனா பாத்துக்கிறீங்களா?"

நியாயமான கேள்வி. கற்களை இன்னொரு முறை மாற்றி வைத்தேன்.

ஒரு சாயங்காலம் சின்னதின் வாலில் பாதியைக் காணவில்லை. மூலையில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பார்த்த மனைவி கொல்லைப்பக்கம் போய்க் குடங்களை அடுக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் ஒரு திட்டம் இருந்தது. எந்தக் குடத்துத் தண்ணீர் தொட்டிக்குள் முதலில் போகும் என்பது வரைக்கும் எனக்குக் கேட்டது.

இந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையில் என்னை ஒரு வாரம் வெளியூர் அனுப்பினார்கள், அங்கே செய்துவைத்ததை அளந்து முகம் சுளிக்க. மறுக்க முடியாது. கிளம்பும்போது சின்னதைக் கூடையில் போட்டு, கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டு, மனைவியிடம் சத்தியம் வாங்கினேன்.

"கூடையத் தொறக்காத. கல்லத் தொடாத. சாப்பாடு மட்டும் துளி போடு."

"செரி, போய் வாங்க."

அவ்வளவு சுலபமாக "செரி" சொன்னதே எனக்கு நிம்மதி தரவில்லை. அந்த லாட்ஜ் அறையில் நான் உட்கார்ந்த நாற்காலி இல்லை. ஜன்னலுக்குப் போவேன், கட்டிலுக்கு வருவேன், மேஜையில் இருந்த தண்ணீர் ஜக்கை இடம் மாற்றி வைப்பேன். ரூம்பாய் அதைத் திரும்பப் பழைய இடத்தில் வைப்பான். எங்கள் இருவருக்குள்ளும் அந்த வாரம் முழுக்க அந்த ஜக்கால் ஒரு மௌன யுத்தம் நடந்தது.

திரும்பி வந்து பெட்டியோடு ஹாலுக்குள் நுழைந்தேன். கூடை இல்லை. தொட்டியில் மீன் இல்லை. மூன்று சட்டிகள் இல்லை. ஒரே ஒரு சட்டி நடுவில் கிடந்தது.

"எல்லாம் போச்சா?" பெட்டியைக் கீழே போட்டேன்.

அவள் சமையலறையிலிருந்து காய் கழுவும் கூடையோடு வந்தாள், உள்ளே கத்திரிக்காய். "இன்னா போச்சு? என் கூடை, நான் எடுத்துகினேன். காய இன்னாத்துல கழுவறது? ரோஜாச் செடிக்காரன் வந்தான், மூணு செடி வாங்கினேன். என் சட்டி, எடுத்துகினேன்."

"மீனு?"

"குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். ஒற்றைச் சட்டியின் வாயில் நாலு முகங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, பாய் கடையின் டீ கிளாஸில் எட்டிப் பார்த்த அதே வரிசையில். கடைசியில் சின்னது, அரைவாலோடு. ஃபோர்மேன் திரும்பியது. சின்னது உடனே சாய்ந்து உதறியது. என் கை தானாகத் தண்ணீரை நோக்கிப் போயிற்று. அவள் அதன்மேல் கத்திரிக்காயால் ஒன்று போட்டாள்.

ஃபோர்மேன் சின்னதைப் பார்த்தது. உதறலைப் பார்த்தது. பிறகு திருப்தியோடு திரும்பிப் போய்விட்டது. கடிக்கவில்லை. சின்னது நிமிர்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் சட்டி ஓரத்தைக் கொத்த ஆரம்பித்தது.

விஷயம் தெரிந்து வந்த அண்ணாச்சி அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். "நடுக்கம் இல்ல வே இது. கும்பிடு. நீங்கதான் பெரியவருன்னு கும்பிடு போடுது, அவரு விட்டுட்டுப் போறாரு. கும்பிடு போட்டுட்டு இருந்த பயல நீரு தெனமும் லீவுல அனுப்பிட்டீரு. திரும்பி வந்தா புது ஆளு கணக்குதான. பின்ன அடிக்காம?"

இருபது வருஷம் தொழிற்சாலைக்குள் நடந்த ஒருவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நானே எத்தனை பேர் முன்னால் எத்தனை விதமாக உதறியிருக்கிறேன்.

அந்த நாலும் அதன்பின் அந்த ஒரே சட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. அவ்வப்போது ஒரு தள்ளு, ஒரு கும்பிடு, அத்தோடு சரி. வால் வளர்ந்தது. ஆனால் செத்தது வேறு. உப்புத் தண்ணீரில் ஊறிய மூன்று சட்டிகளிலும் வைத்த ரோஜாக்கள் இலை கருகி ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அவள் கருகிய குச்சிகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலில் வந்து நின்றாள்.

"ஒரு உசுரு போனா தொட்டி எனக்குன்னு சொன்னேனே. இங்க மூணு போயிருக்குது."

"மீன் போனாத்தானே?"

"உசுருன்னுதான் சொன்னேன்."

வாதாடினேன். கடைசியில் ஒரு சமரசம். தொட்டி இருக்கலாம், அதற்குள் என் கை போகக்கூடாது. தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது எல்லாம் அவள். நான் பார்க்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து.

அந்த இனத்தில் கூட்டத்திலேயே பெரியது எப்போதும் பெண்தான் என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. ஃபோர்மேன் ஒரு பொம்பளை என்று அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள்.

"எப்டி?"

"நாலு ஊட்டயும் ஒருத்தியா சுத்திச் சுத்திப் பாத்துகினு இருந்தாளே. ஆம்பள செய்ற வேலையா அது?"

சமரசம் ஆன அன்று சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டேன். ஒரு கல் கொஞ்சம் கோணலாக இருந்தது. சட்டியை இரண்டு விரல் தள்ளி வைத்தால் நன்றாக இருக்கும். கை அடங்கியது, கால் அடங்கவில்லை. வலது முழங்கால் தன்பாட்டுக்குத் தையல் மெஷின்மாதிரி ஆட ஆரம்பித்தது.

ஃபோர்மேன் சட்டியைவிட்டு வெளியே வந்து, கண்ணாடிவரை நேராக நீந்திவந்து நின்றது. உதறிக்கொண்டிருந்த என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திருப்தியோடு திரும்பிப் போய்விட்டது.