கயிறு பிடித்தவன் சொல்ல வேண்டியது

எங்கள் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்க இறங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான். சொந்தத் தம்பியிடம்கூடக் கொடுக்க மாட்டான். கூடப் பிறந்தவள் தாலியை எவனும் அறுக்க மாட்டான் என்ற நம்பிக்கை, வேறென்ன. அடியில் ஏதாவது ஆனால் அவன் கயிற்றை இழுத்துக் காட்டுவான், பிடித்தவன் உடனே தூக்கிவிட வேண்டும். பதினோரு வருஷம் என் அத்தானின் கயிற்றை நான்தான் பிடித்தேன். கடைசி நாள் பிடிக்கவில்லை.

அதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொன்னால் மட்டும் என்ன ஆகப் போகிறது? அத்தான் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அக்காதான். மீன் ஏலத்தில் விளமீனும் வந்திருக்கு, பாறையும் வந்திருக்கு, அத்தானுக்கு எது வாங்க என்று கேட்டாள். கயிற்றைப் படகுக் கட்டையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பேசினேன். பின்னால் அத்தானுக்குக் காற்று அனுப்பும் கம்பிரசரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இதைக் கவனிக்கவில்லை. பேசி முடித்துக் கயிற்றைத் தொட்டேன், தொய்ந்து கிடந்தது. இழுத்துப் படகில் ஏற்றியபோது மூச்சில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சடைப்பு என்றார்கள். “கயிறு அசையவே இல்ல” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அசைந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அக்காவிடம் உண்மையைச் சொன்னால், அந்த போன் அவள் போட்டது என்பதும் சேர்ந்தே வந்துவிடும். பாவி, அவள் எப்படித் தாங்குவாள்? வாயை மூடிக்கொண்டேன். அடக்கத்தன்றும் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது உடம்பு முழுக்க. அந்த மரப்பு அப்படியே நின்றுவிட்டது. சாப்பிட்டேன், தூங்கினேன், கடலுக்குப் போகவில்லை. துறைமுக ரோட்டில் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலைக்குப் போனேன்.

அக்கா முப்பதாம் நாள் பூசை, வருஷப் பூசை எல்லாம் முறையாக வைத்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அத்தானின் தாத்தா முத்துக்குளிப்புக் காலத்தில் கடல்கட்டியாக இருந்தவர். சுறா வாய் திறக்காதபடி மந்திரம் சொல்லிக் கடலைக் கட்டுகிற ஆள். முத்துக்குளிப்பு போய்விட்டது, மந்திரம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அத்தான் இறங்குமுன் கட்டு மந்திரத்தைச் சொல்வார், ஏறியதும் அவிழ்ப்பு மந்திரத்தைச் சொல்வார். அதில் மாதாவும் வருவாள், ரீங் கிலி என்ற மந்திர எழுத்தும் வரும்.

“அன்னைக்குக் கட்டிட்டு எறங்குன மனுசன் அவுக்கவே இல்லியேலே,” என்றாள் அக்கா. “பொட்டியில வச்சு அடக்கம் பண்ணியாச்சு, சரி. ஆனா அங்கன கடல்ல கட்டுண்டுல்லா கெடக்காரு.”

அவிழ்ப்பு தாத்தாவின் நோட்டில் இருந்தது. பூச்சி தின்றது போக மிச்சமிருந்த பழைய கையெழுத்து யாருக்கும் பிடிபடவில்லை. நாசரேத் பக்கம் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், இந்த மாதிரி மாந்திரீக, வைத்திய நோட்டுகளைப் படமெடுத்து ஏஐ-க்குக் கொடுத்து வாசிக்க வைக்கிறார் என்று கேள்விப்பட்டு, அக்கா என்னைத் துரத்திவிட்டாள்.

“நான் இதெல்லாம் நம்புற ஆளு இல்ல அண்ணாச்சி,” என்றார் டீச்சரம்மா. “ஆனா அழிய விடவும் மனசு வர மாட்டேங்கு.”

ஒவ்வொரு பக்கத்தையும் பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படமெடுத்தார். முதலில் அந்த ஏஐ சுறாவைச் சுக்கு என்று வாசித்தது. ஏதோ கஷாயம் என்று நினைத்துவிட்டது போல. அவர் உட்கார்ந்து இருபது பக்கம் திருத்திக் கொடுத்த பிறகு தாத்தாவின் கை அதற்குப் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் அச்சடித்த தாள்களைக் கொடுத்தார்.

“கறுப்பு எழுத்து நோட்டுல இருக்கது. சிவப்பு, பூச்சி தின்ன எடத்துல மத்த நோட்டுகளைப் பாத்து மிஷின் ஊகிச்சது. சிவப்ப அப்படியே நம்பிராதீங்க.”

அவிழ்ப்பு வாசகம் முக்கால்வாசி சிவப்பு. அதற்கு மேலே இருந்த மூன்று வரி மட்டும் முழுக்கக் கறுப்பு. கட்டினவன் கரையேறாமற்போனால் கயிறு பிடித்தவன் அவிழ்க்கவும். முன்னதாகத் தன் கை செய்ததை, இறங்கினவன் மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லவும். சொல்லாமல் அவிழ்த்தால் அவிழாது.

“இது மிஷின் கட்டிவிட்ட கதைதானே டீச்சர்?” என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். “மை எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. பூச்சி இந்த எடத்தைத் தொடவே இல்ல.”

பூச்சிக்குக்கூட என்மேல் வஞ்சம்.

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, கறுப்பு எது சிவப்பு எது என்று அவளுக்கு விளக்கிவிட்டு வாசித்தேன். அந்த இடம் வந்ததும் குரல் நின்றது.

“ஏன்லே நிறுத்திட்ட?”

“பூச்சி தின்னுருக்கு.”

அக்கா எட்டாவது வரை படித்தவள். தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். “கறுப்பால்லா இருக்கு?” என்றவள் மூன்று வரியையும் மெதுவாக வாசித்தாள். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு, “சொல்லு” என்றாள்.

“கயிறு என் கையில இல்லக்கா. கட்டையில சுத்திட்டு போன் பேசிட்டு இருந்தேன். அவரு இழுத்தாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது.”

“யார்கிட்ட பேசுன?”

“யாரோ லோன் கம்பெனிக்காரன்.”

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“விளமீனா பாறையான்னு கேட்டேன். பாறைன்னு சொன்ன. பெருசாப் பாத்து வாங்குன்னு சொன்ன. கம்பெனிக்காரனாம்ல, கம்பெனிக்காரன்.”

“தெரியுமாக்கா?”

“போனு நேரத்தக் காட்டாதாலே? அன்னைக்கு சாயந்தரமே பாத்துட்டேன். மொதல்ல நீயா வந்து சொல்லுவேன்னு காத்துக் கெடந்தேன். பொறவு, எங்க சொல்லித் தொலைச்சிருவியோன்னு பயந்தே கெடந்தேன்.”

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு, ஊசி போட்ட மரப்பு விடுகிற மாதிரி உடம்பு வலிக்கத் தொடங்கியது எனக்கு.

“கயித்த விட்டது ரெண்டு பேருந்தான். சேந்தே வாசிப்போம்.”

சிவப்பையும் கறுப்பையும் சேர்த்தே வாசித்தோம். பாதியில் அவள் குரல் நின்றுவிட்டது. மீதியை நான் வாசித்தேன்.