நிழல் பார்க்கும் மனிதர்

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் அவர். குட்டையான உருவம், எண்ணெய் மினுங்கப் படிய வாரிய தலை. மொட்டை மாடிக்கு ஏறினால் எல்லோரும் வானத்தைப் பார்ப்போம். அவர் தரையில் விழும் நிழலைப் பார்ப்பார். எங்கள் தெருவில் முதன்முதலாக சோலார் தகடு வைத்தவர் அவர்தான்.

ஒரு தை மாத ஞாயிறு. கரண்ட் போனாலும் தன் சின்ன டிவியில் மாலைப் படம் ஓடும் என்று தெருவுக்கே சொல்லிவிட்டார். அதற்குள் பேட்டரி நிறைய வேண்டும். காலையில் போய்ப் பார்த்தால், ஒட்டினாற்போலிருந்த தெற்கு மாடியில் பக்கத்து வீட்டம்மா காயப்போட்ட புடவைகளின் நிழல் தகடு முழுக்க விழுந்திருந்தது.

“துணி காய வேணாவா அண்ணாத்தே? வெயிலு இன்னா உன் ஊட்டுதா?” என்றார் அந்த அம்மா.

“வெயிலு பொதுதாம்மா. நெழலு மட்டும் உன்னுது. அத்த கொஞ்சம் அந்தாண்ட வச்சுக்க.”

சொன்னதோடு நிற்காமல், தன் மாடியிலேயே தகட்டுக்கு வடக்கே அந்த அம்மாவுக்கு ஒரு கொடி கட்டிக் கொடுத்தார். அங்கிருந்து நிழல் தகட்டின்மேல் விழாது.

மாலையில் கரண்ட் போனது. அவர் வீட்டில் படம் ஓடியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “அண்ணாத்தே, நாளிக்கு மொளகா காயப்போடணும். எந்தாண்ட போட?”

அந்த ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது, படத்தின் பெயர்தான் நினைவில்லை. படத்தைவிட எதிர்வீட்டுக்காரரின் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன் போலும்.