இடது முழங்கால் என்று எழுதியது நான்

வாகரையிலிருந்து கருவாடு கொண்டுவரும் முஸ்லிம் காக்கா வாசற்படலையடியில் கூடையை இறக்கிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "உங்கட டிரெசர் மௌத்தாயிட்டாரு தங்கச்சி. காய்ச்சலாம். மூண்டு நாள்தான் கிடந்தாராம்."

அம்மா தலையில் கை வைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டேன். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல. இனி அவர் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார் என்ற ஆறுதல்தான். பிறகுதான், அப்படித் தோன்றியதை நினைத்து உடம்பு கூசியது.

எங்கள் ஊர் டிஸ்பென்சரியில் காயம் கட்டிய டிரெசர் நல்லதம்பி ஐயாவின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலரில், அவரை அறிந்தவர்கள் எழுதலாம் என்று அவருடைய மனைவி சொல்லியனுப்பியிருக்கிறார். மற்றவர்கள் அவருடைய கைராசியைப் பற்றி எழுதுவார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்தது அவருடைய காயப் புத்தகம் மட்டுமே.

நான் பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். அந்த வருடம்தான் ஐயாவின் கண்ணில் புகை படர்ந்தது. காயத்தைக் கழுவிக் கட்ட அவருக்கு அந்தப் பார்வை போதும். புத்தகத்தின் நெருக்கமான கட்டங்களில் எழுதப் போதாது. அவருடைய மனைவி வந்து, புத்தகம் எழுத என்னை அனுப்பும்படி அம்மாவிடம் கேட்டார். டிஸ்பென்சரிக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாசல். அதில் ஒரு சீலை தொங்கும். இந்தப் பக்கம் நானும் புத்தகமும். அந்தப் பக்கம் அவரும் காயக்காரரும். மேலிடத்திலிருந்து வந்த தாளில் ஒவ்வொரு வகைக் காயத்துக்கும் ஓர் இலக்கம் இருந்தது. உராய்வு ஒன்று, வெட்டு இரண்டு, குத்து மூன்று, சூடு நான்கு, கடி ஐந்து. அவர் இலக்கத்தையும், உடம்பில் காயம் பட்ட இடத்தையும், நீளத்தையும் உரத்துச் சொல்வார். நான் எழுதிவிட்டு மேசையில் ஒரு தட்டுத் தட்டுவேன். என் குரல் அந்தச் சீலையைத் தாண்டிப் போனதேயில்லை.

ஒருநாள் வாவியில் கெளிற்று மீனின் முள் குத்திய ஒருவர் வந்தார். "இந்த ஒள்ளுப்பக் காயத்துக்கு என்னத்துக்கு ஐயா எழுத்து? என்ர கலியாணத்தயே ஆரும் எழுதல்ல" என்றார்.

"கலியாணத்த ஊரே பாத்திச்சு. இத நான் மட்டும்தானே பாக்கன்" என்றார் ஐயா. "பெரிய காயத்த எல்லாரும் நினைவு வச்சிரிப்பாங்க. சின்னக் காயத்துக்கு இந்தப் புத்தகத்த விட்டா ஆரு சாட்சி?"

கந்தப்பன் அண்ணன் வந்தது வேளாண்மைக்குத் தண்ணீர் குறைந்திருந்த நாட்களில். எங்கள் வட்டை வயல்களில் வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் பாய்ச்சுவது என்று அவருக்கும் பெரிய நிலக்காரரான போடியாரின் ஆளுக்கும் வாய்த்தர்க்கம். அது முற்றி, அந்த ஆள் கத்தியை ஓங்கவே இவர் ஓடியிருக்கிறார். ஓடும்போது பின்னாலிருந்து வெட்டு விழுந்திருக்கிறது.

"எங்கடா காயம்?" என்று ஐயா கேட்பது கேட்டது.

"சொல்ல வெக்கமாக் கிடக்கு ஐயா. உள்ளுக்குப் புள்ள இரிக்கி."

"புள்ள எழுதத்தான் இரிக்கி. நீ முதுகக் காட்டிக் கிறுகி நில்லு." பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன்ர வாயில விழவேண்டிய வெட்டு, இடம் மாறி விழுந்திரிக்கி."

பிறகு சீலைப் பக்கம் திரும்பி, எந்தக் காயத்தையும் சொல்வதுபோலவே சொன்னார்: "ரெண்டு. இடப் பிட்டம். ஒண்டரை அங்குலம். ஆழமில்ல."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. இலக்கத்தை எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனை நின்றது. ஓர் ஆணின் பெயருக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் அந்தச் சொல்லை எழுத என்னால் முடியவில்லை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நாலு நாளில் ஆறிவிடும் கீறல்தானே என்று, 'இடது முழங்கால்' என எழுதினேன். மேசையைத் தட்டினேன்.

சில மாதங்கள் கழித்து வழக்குப் புளியந்தீவுக் கோட்டுக்கு வந்தது. கந்தப்பன்தான் மண்வெட்டியோடு பாய்ந்தான், தடுக்கப்போய்க் கத்தி அவன் முழங்காலில் பட்டது என்று, புத்தகத்தின் பிரதியை முன்பே பார்த்திருந்த எதிர்ப்பக்கத்தார் சொன்னார்கள். ஐயா சாட்சிக்கூண்டில், காயம் பின்பக்கம் என்றார். புத்தகத்தை வாசிக்கச் சொன்னபோது அவரால் வாசிக்க முடியவில்லை. எதிர்ப்பக்க வக்கீலான பிறக்கிறாசியார் வாங்கி வாசித்தார். "உங்கட ஊரில முழங்கால் பின்னாலயா இரிக்கி?" என்று அவர் கேட்க, கோட்டு முழுவதும் சிரித்ததாம். கந்தப்பன் அண்ணன் தழும்பைக் காட்டுகிறேன் என்றாராம். வயலில் வேலை செய்கிறவன் உடம்பில் எந்தத் தழும்பு எப்போது வந்தது என்று யார் கண்டது எனத் தள்ளிவிட்டார்கள்; வழக்கும் தோற்றது. இதை எழுதியது யார் என்று கேட்டபோது ஐயா சொன்னது: "புத்தகம் என்ர பொறுப்பு. பிழையும் என்ரதான்."

அங்கே இருந்த என் மாமா வீட்டுக்கு வந்து இதை ஒன்றுவிடாமல் சொன்னார். 

மறுநாள் காலையில் காயக்காரர் யாரும் வருமுன், ஐயா சீலையருகே கதிரையைப் போட்டு இருந்தார். "புள்ள, நான் அண்டைக்கு முழங்கால் எண்டா சொன்னன்?" என்று கேட்டார்.

கோபமில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டார். 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். சீலையின் கீழே அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருந்தேன். அவர் நெடுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஓம், அப்ப நான்தான் மாறிச் சொல்லிப்போட்டன் போல" என்று எழுந்து போனார்.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு காயத்தையும் இரண்டு தடவை சொன்னார். சொல்லுமுன் காயக்காரரிடமே, "இது இடக்கைதானே?" என்று கேட்டார். முப்பது வருடம் காயம் கட்டிய மனிதர். வந்தவர்கள் தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சிரிக்காதவர்கள் வேறு கதை பேசினார்கள்: போடியார் வீட்டு நெல் டிரெசர் வீட்டுக்குப் போனதாம், புத்தகத்தை மாற்றி எழுதினாராம். கந்தப்பன் அண்ணனின் மனைவி டிஸ்பென்சரி வாசலில் மண் அள்ளித் தூற்றினாள். அதையும் சீலைக்கு உள்ளே இருந்து கேட்டேன். அந்த வருடமே அவரை வாகரைக்கு மாற்றினார்கள்.

அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் அந்த நெல் கதையை நம்பினீர்கள். ஐயா யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. மாறியும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு முன்னால் என்னை நிறுத்தக்கூடாது என்று என் பெயரைச் சொல்லாமல் வந்தார். கடைசிவரை, பிழை தன் வாயில் பிறந்தது என்றே எண்ணியிருப்பார். வாகரைக்குத் தோணி போகாமலா இருந்தது? அவர் அங்கிருந்த இரண்டு வருடத்தில் ஒரு கடுதாசி போடவும் எனக்கு மனம் வரவில்லை.

போன கிழமை கந்தப்பன் அண்ணனிடம் போய் முதல்முறையாக வாய் திறந்து சொன்னேன். அவர் கையிலிருந்த கயிற்றைத் திரித்து முடித்தார். பிறகு, "எனக்குச் சொல்லி என்ன மகள், அந்த மனிசனுக்கெல்லோ சொல்லியிரிக்கணும்" என்றார். அவருடைய மனைவி என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஐயாவிடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது எழுதும் முறை ஒன்றுதான்: இலக்கம், இடம், நீளம், ஆழம். அதன்படி எழுதுகிறேன். கந்தப்பன். இரண்டு, வெட்டு. இடது பிட்டம். ஒன்றரை அங்குலம். ஆழமில்லை. பின்னாலிருந்து விழுந்தது. சொன்னவர் நல்லதம்பி டிரெசர், சரியாகச் சொன்னார். மாற்றி எழுதியவள் தங்கரத்தினம்.