அமைதி தேடி ஆடித்தபசுக்குப் போன கதை

"சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் போகலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வேறு யாராவது என்றால் ஒரு வரியில் பதில் எழுதியிருப்பார்கள். என்னால் முடியவில்லை. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் என் கை பக்கத்தில் பிள்ளையைத் தேடும். அதனால் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பஸ், வழி விவரமெல்லாம் நடுநடுவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம், ஆடி மாதம். நாங்கள் பாளையங்கோட்டையில் குடியிருந்தோம். என் மகள் ஹெப்சிக்கு நாலு வயது. அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் மூன்று: அம்மா, தண்ணி, வேண்டாம். அதையும் என்னிடம் மட்டும்தான், அதுவும் என் காதோரம்தான் சொல்வாள். மற்றவர்கள் முன்னால் வாயே திறக்க மாட்டாள். டாக்டர் காதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்திருங்கள் என்றார். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். "சொல்லு, ஹெப்சி, மாமான்னு சொல்லு" என்று நாள் முழுக்க அவளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் வீட்டுக்காரர்தான், "ஞானத்தக்கா வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வாங்க. அந்த வீட்டுல சத்தமே இருக்காது. பிள்ளைக்கு நல்லதோ இல்லியோ, ஒனக்கு நல்லது" என்று அனுப்பி வைத்தார்.

ஞானம் மதினி என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்காள். சங்கரன்கோவிலில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். கணவர் இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகள் இல்லை. அமைதி என்றால் அந்த வீடுதான் என்று எங்கள் குடும்பத்தில் பேச்சு.

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சங்கரன்கோவில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். மானூர், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல், பனவடலிசத்திரம் வழியாக அப்போது இரண்டு மணி நேரம் பிடித்தது. டிக்கெட் நான்கு ரூபாய்ச் சில்லறை, பிள்ளைக்கு அரை டிக்கெட். ஜன்னலோரம் உட்காருங்கள். தேவர்குளம் தாண்டியதும் செம்மண் போய்க் கரிசல் வரும், பார்க்க நன்றாக இருக்கும். நான் எதையும் பார்க்கவில்லை. மதினி வீட்டிலும் இவள் வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கண்டக்டர் குனிந்து, "பாப்பா பேரு என்ன?" என்றார். ஹெப்சி முகத்தை என் சேலைக்குள் புதைத்துக்கொண்டாள்.

"வெக்கப்படுதா" என்றேன். எல்லோரிடமும் இதையே சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்திருந்தது.

"தபசுக்குத்தானக்கா போறீங்க? இன்னும் மூணு நாள் இருக்கு, இப்பமே ஊரு நெறஞ்சு போச்சுல்லா!"

"தபசா? இந்த வாரமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரியாப் போச்சு! எந்த ஊருக்கா நீங்க?"

சாத்தான்குளம் பக்கம் முழுக்க முழுக்கக் கிறிஸ்தவ ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது சபைக் காலண்டர். அதில் லெந்து என்கிற உபவாச நாட்கள் எப்போது, அறுப்பின் பண்டிகை எப்போது என்றெல்லாம் இருக்கும். ஆடித்தபசு எப்போது என்று இருக்காது. கோமதி அம்மன் ஊசி முனையில் தவம் நிற்கிற கதை கேள்விப்பட்டிருக்கிறேன். சுத்துப்பட்டு அத்தனை ஊரும் அன்றைக்கு அங்கே கூடும் என்பதும் தெரியும். எந்த வாரம் என்று மட்டும் தெரியாது. அமைதியைத் தேடிச் சரியாக லட்சம் பேர் கூடுகிற வாரத்தில் போய் இறங்கிய புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"வரச்சொல்லி எழுதினீங்களே மதினி, தபசுன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?" என்று வாசலிலேயே சண்டை பிடித்தேன்.

"வருஷா வருஷம் வாரதுதானே எஸ்தர். வா, கை கால் கழுவு" என்றார்கள். அவ்வளவுதான்.

வீடு தெற்கு ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. இரண்டே அறைகள். ரேடியோ கிடையாது. மதினி காலையில் எழுந்ததும் காப்பி போடுவதற்கு முன்னால் அடுக்களை முக்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஜெபமா என்று கேட்டேன். "ஜெபம் அப்புறம். இது சும்மா ஆண்டவரு முன்னால இருக்கது" என்றார்கள். உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனித் தகர டப்பாவில் போடுவார்கள். பிடி அரிசி எங்கள் பக்கத்துப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அதை எங்கள் சபைக் கோயிலுக்குக் கொண்டு போவார்கள், இல்லாத வீடுகளுக்குப் போகும். நான் அவசரத்தில் பாதி நாள் மறந்துவிடுவேன். மதினி மறக்க மாட்டார்கள். முதல் நாளே ஹெப்சியைக் கூப்பிட்டு அவள் கையால் அள்ளிப் போட வைத்தார்கள். அவள் பிடி எவ்வளவு பிடிக்கும்? நாலு மணி உள்ளே, நாற்பது மணி வெளியே. சிந்தியதை இரண்டு பேருமாக உட்கார்ந்து பொறுக்கினார்கள்.

வாசல் நடையில் ஒரு தண்ணீர்ப் பானை, மேலே டம்ளர். தபசுக் கூட்டத்துக்கென்று மதினி இரண்டு பானையாக்கியிருந்தார்கள். "அவுக சாமியக் கும்பிட வாராங்க, தாகம் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார்கள். யாராவது வந்து குடித்துக்கொண்டே இருந்ததால் பகலெல்லாம் கதவு திறந்தே கிடக்கும்.

விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். பாயில் முழங்கால் போட்டு உட்காருவோம். பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், பிறகு மதினியின் ஜெபம். எனக்கு வேதனை அதன் கடைசியில்தான். ஜெபத்தை முடித்துவிட்டு மதினி ஆமென் சொல்லாமல் நிறுத்துவார்கள். ஹெப்சி சொல்வதற்காக இடம் விடுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். வெளியே உறுமி அடிக்கும், பலூன்காரன் பீப்பி ஊதுவான், என் பிள்ளையிடமிருந்து ஒரு சத்தமும் வராது. கொஞ்ச நேரம் கழித்து மதினியே மெல்ல ஆமென் சொல்லி, ஹெப்சியின் தலையைத் தடவிவிட்டு எழுந்து போவார்கள்.

இரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அவ சொல்ல மாட்டா மதினி. ஏன் எனக்கு இந்தத் தண்டனை?" என்று கேட்டுவிட்டேன்.

"சொல்லாட்டா என்ன? அவளுக்குள்ள இடம் அவளுக்கு இருக்கட்டும்" என்றார்கள்.

மூன்றாம் நாள் தபசு. மதியத்துக்கு மேல் சந்தில் நடக்க இடமில்லை. கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம் பக்கத்திலிருந்தெல்லாம் விவசாயம் செய்கிற சம்சாரிகள் மடியில் பருத்தியும் வத்தலும் கம்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சாமி காட்சி கொடுக்கிற நேரத்தில் விளைந்ததை அள்ளி எறிவது அவர்கள் நேர்த்திக்கடன். நான் ஹெப்சியின் கையைப் பிடித்த பிடியில் அவள் விரல் சிவந்தே போயிருந்தது.

அன்றைக்கும் விளக்கு வைத்ததும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். இன்று மட்டும் விட்டால் என்ன என்று எனக்கு இருந்தது. கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க ஆள் வந்துகொண்டே இருந்ததால் கதவு திறந்தே கிடந்தது. எங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியும், ஜெபம் என்றால் கண் மூடியாக வேண்டும். கண் திறந்த பிள்ளைக்கு எங்கள் ஊரில் குட்டு விழும். அந்தப் பயத்தில் வளர்ந்தவள் நான். மதினி ஜெபித்து முடித்தார்கள். வழக்கம்போல் இடம் விட்டார்கள். நானும் வழக்கம்போல் பல்லைக் கடித்தேன். மதினி ஆமென் சொன்னார்கள். கண்ணைத் திறந்தேன்.

பாயில் ஹெப்சி இல்லை.

அடுக்களையில் இல்லை, கொல்லையில் இல்லை, கட்டிலுக்கடியில் இல்லை. நடையில் கவிழ்ந்த டம்ளர்தான் கிடந்தது. அதற்கப்பால் சந்து, அதற்கப்பால் ரத வீதி, அங்கே தலைகள். செருப்புக்கூட இல்லாமல் ஓடினேன். "ஹெப்சி! ஹெப்சி!" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்குத் தெரியும், அவள் பதில் சொல்ல மாட்டாள். காலடியில் நின்றாலும் சொல்ல மாட்டாள். பெயர் கேட்டால் சொல்ல மாட்டாள், வீடு எங்கே என்றால் காட்ட மாட்டாள். யாராவது தூக்கிக்கொண்டு போனால் வேண்டாம் என்று சொல்லக்கூட வாய் வராதே! ஐயோ, ஆண்டவரே, நான் என்ன செய்வேன் என்று நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பக்கத்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சி கல்லாவை அப்படியே போட்டுவிட்டு வந்தார். "யம்மா, இங்கன நின்னு கத்துனா ஒருத்தனுக்கும் கேக்காது. முக்குல போலீஸ் கொட்டகை இருக்கு, மைக்கு இருக்கு. வாங்க எம் பின்னால" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். பின்னாலேயே மதினியும் வந்தார்கள். அவர்கள் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன்.

கொட்டகையில் ஒரு போலீஸ்காரர் மைக்கில் காணாமல் போன பர்ஸ், பெட்டி, பாட்டிமார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை பேரு என்னம்மா?"

"ஹெப்சி. நாலு வயசு. நீலக் கவுன்."

"பேரு கேட்டாச் சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்பா பேரு?"

"பேசாது சார். எம் பிள்ளை பேசாது!"

யாரோ ஒருவரிடம் அதை முதல்முறையாக வெளிப்படையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. நல்ல மனுஷன். "எப்சி, எப்சி பாப்பா, நீலக் கவுன், பாத்தவுக போலீஸ் கொட்டகைக்குக் கூட்டிட்டு வாங்க" என்று தொண்டை வலிக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார். கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாயிலெல்லாம் அவர் குரல் கேட்டது. நேரம் போனது. யாரும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் காட்சி கொடுக்கிற வேளை வந்துவிட்டது. ஊரே ஒரே குரலாய் எழுப்பிய சத்தத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பருத்தியும் வத்தலும் தலைக்கு மேல் பறந்தன. அந்தக் கால்களுக்கு நடுவில் என் பிள்ளை இருக்கிறாள் என்று நினைத்ததும் எனக்குக் கண் இருட்டியது.

சத்தம் கொஞ்சம் அடங்கியபோது போலீஸ்காரர் மதினியிடம் மைக்கை நீட்டினார். "தெரிஞ்ச குரல் கேட்டாப் பிள்ளை நிக்கும், நீங்க பேசுங்கம்மா" என்றார். என்னால் பேச முடியாது என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும்.

மதினி மைக்கை வாங்கினார்கள். "ஹெப்சி" என்றார்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜெபம் பண்ணுகிற நேரமா இது? ஜெபம் பண்ணித்தானே பிள்ளையைத் தொலைத்தோம்! மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினேன். அண்ணாச்சி, "விடுங்கம்மா" என்று தடுத்தார். மதினி ராத்திரிதோறும் சொல்கிற அதே ஜெபத்தை, அதே நிதானத்தில், உண்ட சோற்றுக்கும் குடித்த தண்ணீருக்கும் நன்றி சொல்லி, "எங்க ஹெப்சியக் காத்துக்கொள்ளும்" என்று முடித்தார்கள். முடித்துவிட்டு, வீட்டில் போலவே, ஆமென் சொல்லாமல் இடம் விட்டார்கள்.

குழாயில் கொர்ரென்ற இரைச்சல் மட்டும் கேட்டது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மதினி கண்ணைத் திறந்தார்கள். அந்த முகத்தில் என்னைவிட அதிகப் பயம் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது தரம் முடிப்பதற்குள் கூட்டத்துக்குள் ஒரு சலசலப்பு. "வழி விடுங்க, ஏ வழி விடுங்க" என்று ஒரு பெண்பிள்ளை வந்தாள். இடுப்பில் நீலக் கவுன். கையில் ஒரு கொத்துப் பருத்தி.

"யம்மா, இவ ஒங்க பிள்ளையா? நாங்க கரிவலம். தேரடிப் பக்கம் கம்பத்துக்குக் கீழ நின்னுக்கிட்டிருந்தா. பேரு கேட்டேன், ஊரு கேட்டேன், வாயத் தொறக்கலியே! முட்டாய் வாங்கிக் குடுத்தேன், அதுக்கும் பேச்சில்ல. ஊமப்பிள்ளைன்னுல்லா நெனச்சேன். போலீஸ்காரரு மைக்குல சொன்னது இந்தச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. மேல குழாயில இவுக ஜெபம் பண்ணவும் கையச் சேத்துக் கண்ண மூடுதா. முடியவும், 'ஆமென்'னு சொல்லுதா! எங்க தெருவுல வேதக்கார வீடு இருக்கு, அந்தப் பிள்ளைக இப்படித்தான் சொல்லும். சரி, மைக்குல பேசுதவுக பிள்ளதான்னு தூக்கிட்டு ஓடியாந்தேன்."

பிடுங்காத குறையாகப் பிள்ளையை வாங்கி, முதுகில் ஒன்று வைத்து, கட்டிக்கொண்டு அழுதேன். மதினி அங்கேயே பெஞ்சில் சாய்ந்துவிட்டார்கள். போலீஸ்காரர்தான் சோடா உடைத்துக் கொடுத்தார். அழுது முடித்த பிறகுதான் அந்தப் பெண் சொன்னது எனக்கு உறைத்தது.

"என்ன சொன்னா? சத்தமாவா சொன்னா?"

"நல்ல சத்தமா. பக்கத்துல நின்னவுக திரும்பிப் பாத்தாங்க."

"எப்படிச் சொன்னா? ஒரு தரம் சொல்லிக் காட்டுங்களேன்."

கையில் நேர்த்திப் பருத்தி மிச்சம் இருக்க, நெற்றியில் திருநீறோடு, அந்த மகராசி ஹெப்சியின் மழலையில் எனக்கு ஆமென் சொல்லிக் காட்டினாள். நான் அதை இரண்டு தரம் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "பிள்ளைக்குக் கேக்கும்னு தெரிஞ்சுதான் ஜெபம் பண்ணினீங்களா மதினி?" என்றேன்.

"ஒண்ணும் தெரிஞ்சு பண்ணல எஸ்தர். பயத்துல எனக்கு வேற ஒரு வார்த்தையும் வரல. தினமும் சொல்லுதது மட்டும்தான் வாயில இருந்துச்சு" என்றார்கள். நான் முப்பது வயது வரைக்கும் கேட்ட எந்தப் பிரசங்கத்தையும்விட அது எனக்கு நன்றாக விளங்கியது. மறுநாள் காலையில் இன்னொரு முக்காலி போட்டு நானும் சும்மா உட்கார்ந்தேன். உட்காரத் தெரியவில்லை, சமையலுக்கு நறுக்க வேண்டிய உருளைக்கிழங்கு ஞாபகமாகவே வந்தது. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

இனி வாசகிக்கு என் யோசனைகள். தபசு வாரத்தில் சின்னப் பிள்ளைகளோடு போகாதீர்கள். போயே தீருவேன் என்றால், ஊர், பெயர் எழுதிய துண்டுச்சீட்டைக் கவுன் பாக்கெட்டில் வைத்து ஊக்குக் குத்திவிடுங்கள். ஊர் ஓய்ந்திருக்கும்போது போனால் ரத வீதிகளில் நிம்மதியாக நடக்கலாம், அந்த ஊரின் பெயர்போன பிரியாணியும் அவசரமில்லாமல் சாப்பிடலாம். திரும்புகிற பஸ்ஸில் மதியத்துக்கு முன் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். நாங்கள் அப்படித்தான் ஏறினோம். ஹெப்சி ஜன்னலோரம், அந்தக் கரிவலத்துப் பெண் கொடுத்த பருத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்புமுன் நான் உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணினேன், கண்ணைத் திறந்துகொண்டே, அவள் கையைப் பிடித்துக்கொண்டே. என் உதடு நின்றதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அதனால் கடைசி யோசனை இது. பிள்ளையோடு பயணம் போகிறவர்கள் கண்ணைத் திறந்து வைத்து ஜெபம் பண்ணுங்கள், ஆண்டவர் கோபிக்க மாட்டார். முடித்ததும் அவசரப்பட்டு நீங்களே ஆமென் சொல்லிவிடாதீர்கள். நான் அன்றைக்குச் சொல்லவில்லை. கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.