கையால் திருப்புகிற லென்ஸ்

படப்பைக் கல்யாண மண்டபத்தின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, தாம்பரம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்த பிறகும் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. பந்தி தொடங்கியிருக்கும். விடிவதற்கு முன்னால் குடித்த ஒரு காப்பியோடு இருந்தேன். பஸ் ஸ்டாப்பில் மொய் எழுதிவிட்டுக் கிளம்பியவர்கள் பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் போய் நிற்க மனம் வராமல் தாண்டி நடந்தேன். ஒரகடத்துக்குப் போகும் லாரிகள் எதிரே வந்து புழுதியை முகத்தில் இறைத்தன. தோளில் கேமரா பை. அதற்குள் என் முதல் டிஜிட்டல் கேமராவும், அதற்கென்று தேடி வாங்கிய லென்ஸும் இருந்தன. அன்று காலை வரை அவைதான் என் பிழைப்பு. இப்போது அவற்றை யார் தலையில் கட்டலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. அதற்கப்புறம் எங்கேயும் கால் தரிக்கவில்லை. ஓசூர் போகும் லாரியில் கிளீனராக இருந்தேன். சேலையூரில் ஒரு மெஸ்ஸில் தட்டுக் கழுவினேன். திருமுடிவாக்கத்தில் எரிந்த மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில்தான் அதிக காலம் இருந்தேன். கருகிய வார்னிஷ் வாடை சட்டையை விட்டுப் போகாது. அங்கிருந்தும் கிளம்பி, குரோம்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாணங்களில் லைட் பிடிக்கப் போனேன். முதலாளி சாப்பிடப் போகும்போது அவருடைய பிலிம் கேமராவை என் கையில் கொடுப்பார். அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

பிலிம் ரோல் வாங்குகிறவர்கள் குறைந்துகொண்டே வந்த வருஷங்கள் அவை. ஒருநாள் முதலாளி சொன்னார்: "ரோல் கதை முடிஞ்சிபோச்சி. இனிமே சொந்தமா டிஜிட்டல் எட்த்துகினு வர்றவனுக்கு மேடை. இல்லாதவன் லைட்ட புடிச்சிகினு நில்லு. நீ இன்னா சொல்ற?"

எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். லைட் பிடிக்கிறவனின் தோள் எத்தனை காலத்துக்குத் தாங்கும் என்று எனக்கு முன்னால் இருந்தவனைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம். பெட்டியோடு ஒரு சின்ன ஜூம் லென்ஸையும் சேர்த்துத் தருகிற புதுக் கேமராவுக்கு அது சரியாக வரும். இல்லையென்றால் யாரோ அடித்து ஓட்டிய பழைய பெரிய கேமரா. எது நல்லது என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் என் அறைக்குக் கீழே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்திய அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வேலைக்கு மனு போடுகிறவர்களுக்கு டைப் அடித்துக் கொடுப்பார். கூட்டம் இல்லாத நேரத்தில் கேமராக்களைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதியிருப்பதைத் திரையில் வரவழைத்து, இங்கிலீஷைப் படித்து எனக்குத் தமிழில் சொல்வார். அவருடைய அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அஸ்தினாபுரத்திலிருந்து மகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்து, அக்கா சாப்பிட்டு முடிக்கும்வரை பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அவரை சார் என்பேன்.

படித்த எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. கேமராவில் மிச்சம் பிடி, லென்ஸில் போடு. கேமரா பழசாகும், லென்ஸ் ஆகாது. பெட்டியோடு வருகிற லென்ஸ் பிளாஸ்டிக், மண்டப வெளிச்சத்துக்குப் போதாது. பழைய ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றை அத்தனை பேரும் புகழ்ந்திருந்தார்கள். ஜூம் கிடையாது, ஆனால் இருட்டிலும் பளிச்சென்று எடுக்கும், விலையும் குறைவு.

"இருக்கறதுலேயே குறைஞ்ச விலை கேமரா இதுதான் தம்பி," என்றார் அக்கா. "ஆனா ஒண்ணு போட்டிருக்கான். இதுக்குள்ள ஃபோகஸ் மோட்டார் இல்லையாம்."

சார் பேப்பரை இறக்கினார். "மோட்டார் இல்லன்னா நல்லதுதானே? எங்க வீட்டு போர் மோட்டார் வருஷத்துக்கு ரெண்டு தடவை எரியுது. இவரே காயில் கட்டிக் குடுத்திருக்காரு. கேளு."

"ஆமா அக்கா. எதுவா இருந்தாலும் முதல்ல போறது மோட்டார்தான்," என்றேன். எத்தனை கிரைண்டர், எத்தனை பம்ப்செட்டின் வயிற்றைப் பிரித்திருக்கிறேன். மோட்டார் இல்லாத மெஷின் என்றால் எனக்கு அது ஆயுள் கெட்டியான மெஷின். மூன்று பேரும் அதிலேயே முடிவு செய்தோம்.

பாரிமுனை பக்கம் ஒரு கடையில் கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் பெட்டியோடு வந்த லென்ஸை மாட்டி எடுத்துக் காட்டினார். சின்னதாக ஒரு முனகல் கேட்டது, படம் தெளிந்தது. அந்த முனகல் லென்ஸுக்குள்ளிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. லென்ஸைக் கழற்றி அவரே வைத்துக்கொண்டு அதற்கான விலையைக் குறைத்தார்.

ஐம்பது எம்.எம். லென்ஸ் பல்லாவரத்தில் கிடைத்தது. ஸ்டூடியோவை மூடிக்கொண்டிருந்த ஒரு பாய், அதைத் தன் பிலிம் கேமராவில் மாட்டிக் காட்டினார். பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் சரக்கென்று தானாகத் திரும்பி நின்றது. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. பிறகு, பழைய லென்ஸ் வாங்கும்போது எங்கள் தொழிலில் எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"பாய், இது சாவு வீட்டுக்குப் போயிருக்கா?"

சாவு வீட்டில் பிணத்தை எடுத்த கேமராவைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்களில் சட்டம் மாதிரி. எங்கள் முதலாளி சாவு என்று யார் கூப்பிட்டாலும் கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார்.

பாய் கோபப்பட்டார். "தம்பி, எங்க ஆளுங்க மையத்த, அதான் பொணத்த, போட்டோ எடுக்கறதே இல்ல. மத்தவங்க கூப்ட்டும் நான் ஒரு வூட்டு வாசல் மிதிச்சதில்ல. சுத்தமான கண்ணாலத்து லென்சு இது."

அது போதுமாக இருந்தது எனக்கு. என் கேமராவோடு இது பேசுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

அறைக்கு வந்து மாட்டினேன். பொத்தானை அழுத்தினால் லென்ஸ் அசையவில்லை. பேட்டரி போதவில்லை என்று நினைத்து, முழுக்க ஏற்றிவிட்டுப் பார்த்தேன். மறுநாள் பாரிமுனைக்கு எடுத்துப் போனபோது கடைக்காரர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்: "கேமராவுல மோட்டார் இருக்கணும், இல்ல லென்ஸ்ல இருக்கணும். ரெண்டுலயும் இல்லன்னா உன் கைதான் மோட்டார்." மோட்டார் உள்ள லென்ஸின் விலையையும் சொன்னார். அதற்கு அப்புறம் அங்கே நிற்க வேலை இல்லை.

எனவே கையால் திருப்பப் பழகினேன். பார்க்கும் துளைக்குள் கீழே ஒரு சின்னப் பச்சைப் புள்ளி உண்டு. குறி சரியாக விழுந்தால் அது எரியும். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று, இறங்கி வருகிறவர்களைப் பிடித்துப் பழகினேன். பிரவுசிங் சென்டரில் சாரை உட்காரவைத்துப் பழகினேன். எப்போது பொத்தானை அழுத்தினாலும் அவர் கண்ணை மூடிவிடுவார். "விட்டுடுப்பா, கல்யாண போட்டோலயே நான் தூங்கிட்டுதான் இருப்பேன்," என்பார். அக்கா சிரிப்பார்.

நிற்கிறவர்களை எடுக்க வந்துவிட்டது. வரவேற்பு மேடையில் வரிசையாக வந்து நிற்பார்கள், பல்லைக் காட்டுவார்கள், எடுத்துவிடலாம். முதலாளிக்கும் என் லென்ஸ் விஷயம் தெரியாமலே இரண்டு மூன்று வரவேற்புகள் ஓடின. படப்பைக் கல்யாணத்தில்தான் முதல் தடவையாக முகூர்த்தத்தை என்னிடம் விட்டார். தான் வீடியோ பக்கம் போனார்.

மேடை சின்னது. அந்த லென்ஸ் எல்லாவற்றையும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டு வரும். இரண்டு பேரைச் சேர்த்துப் பிடிக்கவே பின்னால் போக வேண்டும். போகப் போக எனக்கும் மணமக்களுக்கும் நடுவில் ஆள் சேர்ந்தது. ஐயர் கெட்டிமேளம் என்று கத்தியதும் மொத்தக் கூட்டமும் எழுந்து கையைத் தூக்கியது. மாப்பிள்ளை குனிந்தான், பெண் தலையைத் தாழ்த்தினாள், நான் திருப்பினேன், அவன் இன்னும் குனிந்தான், யாரோ ஒரு மாமா முடிச்சுப் போட உதவுகிறேன் என்று கையை நீட்டினார். பச்சைப் புள்ளி எரிந்தது. அழுத்தினேன். அட்சதை விழுந்தது. அழுத்திக்கொண்டே இருந்தேன்.

முதலாளி சமையல்கட்டுப் பக்கம் என்னைக் கூட்டிப்போய்ப் படங்களைத் தள்ளிப் பார்த்தார்.

"இன்னாடா இது? மாமா வாட்ச்ல மணி தெரியுது. தாலி எங்கடா?"

அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

"கட்னது மாப்ளயா, மாமாவா? வீடியோல கீது, சரி. ஆல்பத்துல இன்னாத்த ஒட்றது? உன் மூஞ்சியவா?"

அவரே மேடைக்குப் போய், மாப்பிள்ளை இன்னொரு தடவை தாலியைக் கையில் பிடித்துக் கழுத்துப் பக்கம் வைத்து நிற்கட்டும், ஒரு படம் போதும் என்று மெதுவாகக் கேட்டார். பெண்ணின் அம்மா காதில் அது விழுந்துவிட்டது.

"ரெண்டாவது தடவையா? என் பொண்ணுக்கு ரெண்டாவது தடவ தாலி கட்டணுமா? வாய்ல வர்ற வார்த்தையா இது!"

மணமேடையில் பெண் அழ ஆரம்பித்தாள். புகை என்று சொல்லி யாரோ சமாளித்தார்கள். முதலாளி கீழே இறங்கி வந்து என்னிடம் குரல் உயர்த்தாமல் சொன்னார்: "மெமரி கார்ட குட்த்துட்டு பின்னால போய்டு. இனிமே லைட்டு புடிக்கக்கூட வராத."

மண்ணிவாக்கம் தாண்டி ஒரு கல்வெர்ட்டில் உட்கார்ந்தேன். கார்டு இல்லாத கேமராவில் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படம் கண்ணுக்குள்ளேயே இருந்தது: வாட்ச், அதன் முள், அதற்குப் பக்கத்தில் அந்தரத்தில் நிற்கிற அரிசி. மஞ்சள் ஒட்டியது ஒட்டாதது வரை தெரிந்தது. லென்ஸ் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. முடிச்சூர் வழியாக அறைக்கு வந்து சேர்ந்தபோது ஒன்று தீர்மானமாகியிருந்தது. காலையில் இரண்டையும் விற்றுவிட்டுத் திருமுடிவாக்கம் பட்டறையில் போய் நிற்பது. முன்பு விட்ட இடத்தில் திரும்பவும் கேட்பது எனக்குப் புதிதில்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தார்.

"தம்பி, அப்பா தவறிட்டாரு. தூக்கத்துலயே."

வாயிலிருந்த நுரையைத் துப்பினேன்.

"வீட்டுல எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கணும்னு அம்மா சொல்றாங்க. ஸ்டூடியோ ஒண்ணும் வரமாட்டேங்குது. நீ கேமரா எடுத்துட்டு வருவியா?"

விற்கப் போகிற லென்ஸ் அது. வாங்குகிறவன் நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்பான். அஸ்தினாபுரம் போய்விட்டு வந்தால் அவனுக்குப் பதில் சொல்ல முடியாது. வேறு ஸ்டூடியோக்காரன் எவனும் என்னை மேடை ஏற்றவும் மாட்டான். இந்தச் சேதி குரோம்பேட்டைக்குப் போய்ச் சேர ஒரு மதியம் போதும். முகத்தைத் துடைத்தேன். பிறகு இன்னொரு கார்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சின்ன ஹால். நடுவில் பெஞ்சு மேல் திறந்த சவப்பெட்டி, தலைமாட்டில் மெழுகுவர்த்திகள். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்கள். சுவரோரம் சிலர் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் பார்த்தேன். நாலு பேர்கூட உள்ளே வரவில்லை. பின்னால் போனேன். சுவர் இடித்தது. சவப்பெட்டி கொண்டுவந்தவர், தாம்பரத்தில் கடை வைத்திருக்கிற தடித்த மனிதர், என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரே வாசல் கதவின் இரண்டாவது பலகையையும் திறந்துவிட்டு, வழியிலிருந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கினார். வாசற்படி இறங்கி, கேட் வரை போய், தெருவில் நின்றேன். அப்போதுதான் எல்லாரும் உள்ளே வந்தார்கள்.

திருப்பத் திருப்பப் பச்சைப் புள்ளி எரிந்து எரிந்து அணைந்தது. ஹாலுக்குள்ளிருந்து அக்கா என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரமில்ல தம்பி," என்றார். "யாரும் அசைய மாட்டாங்க. நீ மெதுவா திருப்பு."

திருப்பினேன். புள்ளி எரிந்தது, அணையவில்லை. எடுத்தேன். அப்புறம் உள்ளே போய் முகத்தை மட்டும் தனியாக எடுத்தேன். இமை முடி ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருந்தது.

அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். "இதுலயும் கண்ண மூடிட்டாரு," என்றார். சிரிக்கப் போனவர் அப்படியே அம்மாவின் தோளில் சாய்ந்துவிட்டார்.

நான் வெளியே வந்து கேட் பக்கம் நின்றேன். சவப்பெட்டிக்காரர் பின்னாலேயே வந்து பீடி பற்றவைத்தார்.

"எந்த ஸ்டூடியோ?"

"எதுவும் இல்லண்ணா."

"நேத்து வரிக்கும்?"

"நேத்து வரைக்கும் கல்யாணம்."

தலையை ஆட்டினார். "என்னாண்ட வர்றவங்க எல்லாம் போட்டோகாரன் கீறானானு கேக்கறாங்க. எவனும் வர மாட்டான். வந்தா கண்ணால வூட்ல சேத்துக்க மாட்டாங்களாம். நீதான் வந்துட்டியே, இனிமே இன்னா கீது? நான் போன் போட்டா வரியா?"

உள்ளே பாட்டு முடிந்து ஜெபம் ஆரம்பித்திருந்தது. திருமுடிவாக்கம் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் காலையில் யோசித்து வைத்திருந்தது ஞாபகம் வந்தது.

"வரேண்ணா," என்றேன்.

நம்பரை அவர் செல்லில் ஏற்றிக் கொடுத்தேன். சாயந்திரம் சேலையூரில் ஒரு வீடு இருக்கிறது, வயசானவர், பெரிய குடும்பம், பேட்டரி முழுசாக இருக்கட்டும் என்றார்.