இடி மழையில் ஒரு கணினியும் சேவியரும்

செய்தி சேவியரின் எண்ணிலிருந்தே வந்தது. முந்தைய நாள் சாயங்காலம் நான்தான் அவனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தேன். என் வீட்டுக் கணினியில் ஏதோ ஒரு புதுப்பிப்பு பாதியில் நின்று, நீலத் திரையில் என்னவோ எழுதிக் காட்டியது. அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, கீழே "இது என்ன எழவு சேவியர்?" என்று எழுதிவிட்டுச் சமைக்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் பதில் வந்திருந்தது. "அக்கா, நான் ரெஜினா. அவரு ராத்திரி தூக்கத்துலேயே போயிட்டாரு." என் கேள்விக்கு நேர் கீழே அந்தப் பதில். என் வாய்க்கொழுப்பை அவன் மனைவி படித்துவிட்டுத்தான் அதை எழுதியிருக்கிறாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவனோடு வேலை செய்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போனவனைப் பெருமையாகச் சொல்ல வேண்டுமே என்று பொய் சொல்ல எனக்கு வராது. சேவியருக்குக் கணினி பற்றி அப்படி ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நம் ஆபீஸ் ஸ்டோரில் டயரையும் பேட்டரியையும் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் பிரிண்டர் நின்றுபோய், ஆளுக்கு ஆள் அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அவன் வந்து அதன் சின்னத் திரையில் இருந்ததைப் படித்தான். பின்பக்க மூடி திறந்திருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. மூடினான், ஓடியது. அன்றிலிருந்து நாம் எல்லாரும் அவனைத்தான் கூப்பிட்டோம்.

அவன் கையில் இருந்த வித்தை அவ்வளவுதான். திரையில் ஏதாவது எழுதி வந்தால் நாமெல்லாம் படிக்காமலேயே ஓகே அமுக்குவோம். அவன் ஓடிவந்து கையைப் பிடிப்பான். "ஓகே அமுக்காதீங்கலா! அது என்னமோ சொல்ல வருது, கேளுங்க, பாவம்" என்பான். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகப் படித்து, நம் தமிழில் சொல்வான். அடுத்ததாக, "கடைசியா என்ன பண்ணீங்க?" என்று கேட்பான். எல்லாரும் ஒன்றுபோல, "நான் ஒன்னுமே பண்ணல" என்போம். "ஒன்னும் பண்ணலன்னா அதுவா கோவிச்சுக்கிட்டுப் போச்சு?" என்று மேலாளரிடமே கேட்டவன் அவன். மேலாளர் சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

என் தேர்வுக்கு முந்தைய நாள் நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். லாரியில் கணினி ஓட்டியவள் என்று என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். அன்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கணக்காளர் தேர்வின் கடைசித் தாள் அது. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். "இந்தத் தடவ தேறினா கணக்குப் பிரிவு உனக்கு. இல்லன்னா வெளியில இருந்து ஆள் எடுத்துடுவேன்" என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். நேற்று வந்த ஒருவருக்குக் கீழே உட்கார்ந்து, இத்தனை வருடம் நானே பார்த்த கணக்கை அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவதா? நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேர்வு மறுநாள் காலை, வீட்டிலிருந்தே, கணினியில். கேமரா வழியாக நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளை அதற்கு முன் ஏற்றிவைக்க வேண்டும். நாளைக்குப் பரீட்சை என்றால் இன்றைக்கு அதை ஏற்றப் பார்த்த புத்திசாலி நான். உங்கள் சிஸ்டம் பழையது, ஏற முடியாது என்று அது சொல்லிவிட்டது.

சேவியரைக் கூப்பிட்டேன். "எதையும் அமுக்காதீங்க, வரேன்" என்றான். அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, சிரம்பானிலிருந்து எங்கள் ஊர் ரந்தாவுக்கு மோட்டாரில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே, "கடைசியா என்ன பண்ணீங்க?" என்றான்.

"ஒன்னும் பண்ணல."

"அக்கா."

"சிஸ்டத்தைப் புதுசா மாத்தலாமான்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்."

"அலாமாக்!" என்று தலையில் கை வைத்தான். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே, கணினியை அணைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அவன் அதை இரண்டு முறை படித்தான். "சரி, ஆரம்பிச்சாச்சு. இனி பாதியில விட முடியாது. அணைக்காதேன்னு சொல்லுது, அணைக்காம இருப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

சதவீதம் ஆமை மாதிரி ஏறியது. பாதியைத் தாண்டியபோது செம்பனைக் காட்டுக்கு மேலே வானம் கறுத்தது. தூரத்தில் ஒரு முழக்கம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் லயத்து வரிசையில் இடி முழங்கினால் அடுத்த சத்தம், வீட்டுக்கு வீடு மெயின் சுவிட்ச் இறங்கும் சத்தம்தான். என் வீட்டுக்காரர் முனியாண்டி அதில் எல்லாரையும் மிஞ்சியவர். மின்னல் எங்கள் வீட்டு டிவியை ஒரு தடவை, ஐஸ் பெட்டியை ஒரு தடவை தின்றிருக்கிறது. நல்லவேளை, அவர் லாரியில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போயிருந்தார். "சீக்கிரம் போய்த் தொலையேன் சனியனே" என்று நான் திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் லாரிச் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை. நேராகக் கதவுக்குப் பின்னால் கையை நீட்டினார். "ஐயோ, வேணாம்!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் டக்கென்று இறக்கிவிட்டார். திரை கறுத்தது.

"பாவி மனுஷா! என் பரீட்சை போச்சே!"

"இடி இடிக்குது, உனக்குக் கம்ப்யூட்டரா பெருசு?"

"ஒரு வார்த்த கேட்டா உங்க வாய்ல இருந்து முத்தா கொட்டிடும்?"

அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. அப்போதுதான் வீடே வெள்ளையாகி, காது அடைக்கும்படி ஒரு இடி விழுந்தது. பக்கத்து வீட்டில் யாரோ அலறினார்கள். அவர்கள் மெயினை இறக்க மறந்திருந்தார்கள். டிவி கருகிய நாற்றம் எங்கள் கூடத்துக்கே வந்தது. லயம் முழுக்கக் கரண்டும் போய்விட்டது. நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

"அண்ணே பண்ணது சரிதான் அக்கா" என்றான் சேவியர். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. "இப்ப இது கெட்டுப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். கருகியிருந்தா அந்தப் பேச்சுக்கே இடமில்ல" என்றான்.

"சரியாயிடுமா?"

"தெரியல."

"தெரியலன்னா அப்புறம் எதுக்குடா வந்த?" என் அழுகை எல்லாம் கோபமாகத்தான் வெளியே வரும். அவன் ஆறிப்போன, பாலில்லாத தே ஓ தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தான். "தெரியல அக்கா. ஆனா போக மாட்டேன்" என்றான்.

அந்த நேரம் அவன் கைப்பேசி அடித்தது. ரெஜினா. அன்று சாயங்காலம் மாதா கோயிலில் பூசை. "நீ போ ரெஜி. எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கோ. என்ன விஷயம்னு ஆண்டவருக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டான்.

மழை கொட்டியது. கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தாலும் இடி ஓயாமல் மெயினை ஏற்ற முனியாண்டி விடமாட்டார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சேவியர்தான் மெதுவாக அவரிடம் கேட்டான்: "அண்ணே, ஆலையில மணிக்கணக்கா வரிசையில நிப்பீங்களே, அப்ப வண்டியில அந்தக் காத்தாடி எதுல ஓடுது?"

"லாரி பேட்டரியில. இன்வெர்ட்டர் வெச்சிருக்கேன். சோறுகூட அதுலதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் என் வீட்டுக்காரர் மழையில் ஓடினார். லாரியை ஜன்னலை ஒட்டிப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னலின் கண்ணாடித் தகடு இரண்டைக் கழற்றி வயரை உள்ளே விட்டார். வீட்டுக் கம்பிக்கும் கணினிக்கும் இப்போது ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் எஞ்சின் நின்றால் எல்லாம் நிற்கும். ஆகவே அவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

சேவியர் பொத்தானை அமுக்கினான். கறுப்பு. பிறகு புள்ளிகள் மட்டும் சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. செத்துவிட்டது, அணைத்துப் போட்டால் உயிர் வரலாம் என்று தோன்றி என் கை பொத்தானுக்குப் போனது. அவன் தன் உள்ளங்கையைப் பொத்தான்மேல் வைத்து மூடிக்கொண்டான். திட்டினேன். எடுக்கவில்லை. கைமேல் ஒரு அடிகூடப் போட்டேன், எடுக்கவில்லை. கடைசியில் ஒரு வரி வந்தது. சத்தமாகப் படித்தான்: "பழைய நிலைக்குத் திரும்பிக்கிட்டிருக்கு. அணைக்காதீங்க." என் பழைய திரை, என் பழைய கோப்புகளோடு திரும்பி வந்தது.

உயிர் வந்தது, ஆனால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றோம். இறக்கி வைத்த கோப்பு உள்ளேயே இருந்ததால் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை ஒரு சிவப்புக் கட்டம் முளைத்தது. நான் பழக்கதோஷத்தில் ஓகேவுக்குப் போனேன். "கேளுங்க, பாவம்!" என்று அதட்டினான். இடம் பற்றவில்லை என்று அது சொன்னது. எதை அழிப்பது? பாதி கணினியை அடைத்துக்கொண்டு இருந்தவை முனியாண்டி வருடக்கணக்காகச் சேர்த்த சினிமாப் படங்கள். ஜன்னல் வழியாகக் கத்திக் கேட்டேன். மழையிலும் அவர் முகம் விழுந்தது தெரிந்தது. "எல்லாத்தையும் எடுத்துடு!" என்று கத்தினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன மிக நல்ல வார்த்தை அதுதான்.

படங்களை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். லாரி உறுமியது, புள்ளிகள் சுற்றின. சதவீதம் போன முறை நின்ற இடத்தை நெருங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கணினி தானாக ஒரு தடவை அணைந்து எழுந்தது. சேவியரின் சட்டை முதுகில் நனைந்திருந்தது, அவன் மழையில் போகவே இல்லை. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் புதுத் திரை எழுந்து வந்தது. அவன் கைப்பேசியின் இணையத்தில் தேர்வு மென்பொருளை இறக்கி ஏற்றினோம். கேமராவில் தலைவிரி கோலமாக என் முகம் தெரிந்தது. "நாளைக்கு இப்படி உட்காராதீங்கக்கா, அது பயந்துடும்" என்றான். சிரித்துச் சிரித்து அழுதேன். டீசல் முள் சிவப்பைத் தொட்டிருந்ததை முனியாண்டி அதன் பிறகுதான் சொன்னார்.

தேறினேன். இப்போது அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பல நாள் கழித்து அவனிடம் கேட்டேன்: "நெஜமாவே சரியாகும்னு நெனச்சியா?" "இல்லக்கா, எனக்கே நம்பிக்கை இல்ல" என்றான். "அப்புறம் ஏன்டா அசையாம உட்கார்ந்திருந்த?" "நான் எழுந்திருச்சா நீங்க பட்டனை அமுக்கியிருப்பீங்க" என்றான்.

அவன் போன அன்று மம்பாவில் இருந்த அவன் வீட்டுக்கு நானும் முனியாண்டியும் லாரியிலேயே போனோம். கூடத்தில் ஆள் நிறைந்திருந்தது. உடலை வைக்கக் குளிர்ப்பெட்டி வந்திறங்கியது. பெட்டிக்காரர் பிளக்கைச் சொருக இடம் தேடி, மூலையில் இருந்த ஒரு வயரைப் பிடுங்கப் போனார். அந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். சேவியரின் கணினி. திரையில் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன. முந்தைய இரவு புதுப்பிப்பைப் போட்டுவிட்டு, காலையில் முடிந்திருக்கும் என்று படுத்திருக்கிறான்.

"தம்பி, அதைப் பிடுங்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்களே நிறுத்திவிட்டார்கள். சாவு வீட்டில் கணினிக்குக் காவல் நிற்கிறாளே, இவளுக்குப் பைத்தியமா என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். சமையல்கட்டிலிருந்து நீள வயர் இழுத்துப் பெட்டிக்குக் கரண்டு கொடுத்தோம். பக்கத்து ஊர் ராசா பக்கம் லேசாக வானம் முழங்கியது. முனியாண்டி என்னைப் பார்த்தார். வெளியே போய் லாரியைத் திருப்பி ஜன்னல் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

நல்லபடியாக முடிந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த எழுத்துக்கு மேலே நீங்கள் பார்க்கும் சேவியரின் படம் அந்தக் கணினியிலிருந்து எடுத்ததுதான். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. அதை அவன் வீட்டிலேயே, அவன் எதிரிலேயே எடுத்துக்கொண்டேன்.

ரெஜினா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். காலையிலிருந்து எல்லாரும் அவளிடம், எல்லாம் சரியாயிடும்மா, தைரியமா இரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க கல்யாணப் படம் எல்லாம் இதுல மட்டுந்தான் இருக்கு. சரியாயிடுமா அக்கா?" என்றாள். கேட்டுவிட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளங்கையை அந்தப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"தெரியல ரெஜினா" என்றேன். "ஆனா போக மாட்டேன்."